மணப்பாட்டுக் கப்பலில் தங்கம் இருந்ததா?

கேள்வி: கடலரிப்பில் மணப்பாட்டுக் கரையில் பழைய கப்பல் புதையல் வெளிப்படும் என்கிறார்களே, தேடிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், உடன்குடி

பதில்: ஆசை யாரை விட்டது! ஆனால் நீங்கள் நினைக்கும் கப்பல் மூழ்கவே இல்லையே. 1540-இல் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பல், பாய்மரம் முறிந்து, தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தது என்பதுதான் ஊர் வழக்கு. முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து மணற்குன்றின்மேல் நட்டாராம் கப்பல் தலைவர். 1581-இல் அங்கே திருச்சிலுவை ஆலயம் எழுந்தது.

பக்கத்துத் திருச்செந்தூரில் கடல் கரையை அரித்தபோது வெளியே தெரிந்ததும் கல்வெட்டுகள்தான். நிஜமாகவே மூழ்கிய கப்பல் வேண்டுமா? பூம்புகார் கடலில் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டெடுத்தவை ஈயக் கட்டிகள். அவற்றில் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பிளாக்கெட் என்ற ஆங்கிலேயப் பெயரும் பதிந்திருந்தன. ஆய்வாளர்களுக்கு அதுவே தங்கம். அடகுக்கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படியே உங்கள் காலில் ஏதாவது தட்டுப்பட்டாலும் மடியில் முடிந்துகொள்ள முடியாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் என்ன, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 10 ரூபாய்க்கு இன்று ஒரு டீ கிடைத்தாலே அதிசயம்! மறைத்தால் சிறைக்கும் போக நேரலாம்.