சிவிடியா, ஹைபிரிட்டா? கார் வாங்கும் முன் ஒரு நிமிடம்!

ஷோரூமில் 'சிவிடி', 'ஹைபிரிட்', 'இ-சிவிடி' என்று அடுக்குவார்கள். கேட்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் சிவிடி என்பது கியர் சமாச்சாரம். ஹைபிரிட் என்பது வண்டி ஓடும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பது பற்றியது.

சிவிடி என்றால் என்ன?

நம்ம வீட்டு ஸ்கூட்டரிலேயே இருக்கு! ஒரு பெல்ட், இரண்டு புல்லி. வேகத்துக்கு ஏற்பப் புல்லியின் அகலம் மாற, கியர் விகிதமும் சீராக மாறும். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-லேயே இம்முறையில் ஒரு காரை அறிமுகப்படுத்தியது. என்ஜின் சிக்கனமான வேகத்தில் சுற்றும், ஓட்டுவதும் சுகம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சிவிடியால் மீட்க முடியாது.

ஹைபிரிட் என்றால் என்ன?

பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது. பிரேக் பிடித்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை சார்ஜ் செய்யும். சிக்னலில் என்ஜின் நின்றுவிடும். டொயோட்டா பிரியஸ் 1997-ல் ஜப்பானில் இப்படித்தான் வந்தது. டொயோட்டா ஹைபிரிட்டில் சொல்லப்படும் 'இ-சிவிடி'யில் பெல்ட்டே கிடையாது. என்ஜினையும் மோட்டார்களையும் பல்சக்கரங்கள் இணைக்கின்றன.

கவனம்: 'மைல்டு ஹைபிரிட்' வேறு. அதில் சிறிய மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். "மோட்டாரில் மட்டும் வண்டி ஓடுமா?" என்று கேளுங்கள்.

கணக்குப் போடுங்கள்

உதாரணமாக, சிவிடி கார் லிட்டருக்கு 15 கி.மீ., ஹைபிரிட் 22 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் சுமார் 2,100 ரூபாய். ஹைபிரிட் விலை 3 லட்சம் கூடுதல் என்றால், அதை எடுக்க ஏறக்குறைய 12 வருஷம் ஆகும்! மாதம் 2,000 கி.மீ. என்றால் 6 வருஷம்.

• தினமும் நகர நெரிசலில் அதிக தூரம் ஓட்டுபவருக்கு: ஹைபிரிட்.
• குறைவாக ஓட்டுபவருக்கு: சிவிடியே போதும்.
• பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு: பிரேக் பிடிப்பது குறைவு என்பதால் ஹைபிரிட்டின் லாபமும் குறையும்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எரிபொருள் வகையைச் சரிபாருங்கள். பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருஷம் மீதி என்றும் கேளுங்கள். பச்சை நம்பர் பிளேட் முழு மின்வாகனங்களுக்குத்தான், ஹைபிரிட்டுக்குக் கிடையாது. ஆகவே மின்வாகனச் சலுகைகள் இதற்கும் உண்டு என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.