மணிக்கட்டின் மீது சுமத்தப்படும் பழி

பல் வைத்தியத் தொழிலுக்கு வந்தவர்களுக்குக் கார்ப்பல் டனல் நோய் தலையெழுத்து என்றும், பத்து வருஷம் கைவேலை செய்தால் மணிக்கட்டு கெட்டே தீரும் என்றும் ஒரு வதந்தி, மாநாடுகளின் தேநீர் இடைவேளையிலும் மாணவர் விடுதிகளிலும் ஓயாமல் உலவிவருகிறது. இது ஆதாரமற்ற பேச்சு. விஷயம் தெரிந்தவர்களே இதைப் பரப்புவது கண்டிக்கத்தக்கது.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2001-இல் வெளியான ஆய்வில், 1,079 பல் வைத்தியர்களின் கை நரம்புகள் மின்கருவியால் பரிசோதிக்கப்பட்டன. கையில் உபாதை உண்டு என்றவர்கள் பலர். ஆயினும் அறிகுறியும் பரிசோதனையும் ஒருங்கே பொருந்தி, இந்த நோய்தான் என்று நிச்சயிக்கப்பட்டவர்களின் விகிதம் சாதாரண ஜனங்களிடையே காண்பதற்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. நரம்புப் பழுது அதிகம் தென்பட்டது சர்க்கரை வியாதி, முடக்குவாதம், உடற்பருமன் உள்ளவர்களிடம்தான். இவற்றையும் தைராய்டுக் குறைவையும் கவனியாமல் தொழிலை மட்டும் சபிப்பது என்ன நியாயம்?

இந்த நோயில் நசுங்குவது நடு நரம்பு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையே, ஒன்பது தசைநாண்களோடு நெருக்குண்டு செல்லும் அது, கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதிவரைதான் உணர்ச்சி தருகிறது. சுண்டுவிரல் மரத்துப்போனால் முழங்கையையும் கழுத்தையும் பாருங்கள். நள்ளிரவில் மதமதப்பு எழுப்பிவிட்டு, கையை உதறியதும் தணியுமானால் இந்த நோயைச் சந்தேகிக்க இடமுண்டு.

தொழிலுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. மணிக்கட்டை மடக்கியபடி, விரல்நுனிகளால் இறுகப் பற்றி, ஒரே அசைவை நாள்முழுதும் செய்வது கேடுதான். ஆனால் அந்த இறுகிய பிடிக்குப் பெருங்காரணம், பற்காரையைச் சுரண்டும் ஸ்கேலர் மழுங்கியிருப்பது. அதன் விளிம்பை விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள்: கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, மழுங்கியது வெள்ளிக் கோடாக மின்னும். அந்த மின்னும் விளிம்பைக் கொண்டு காரையைப் பெயர்க்க முனைகிறவர், கூர்மை செய்ய வேண்டிய வேலையைத் தம் விரல்களின் பலத்தால் செய்கிறார். 10 மில்லிமீட்டர் பருமனும் சுமார் 15 கிராம் எடையும் உள்ள கைப்பிடியே விரல்களுக்கு இலகுவானது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டிய பின்னும், பென்சிலினும் மெல்லிய கம்பிகளையே வாங்கிக் குவிக்கிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிர்வுக்கு அஞ்சி அல்ட்ராசோனிக் கருவியை அறவே ஒதுக்கி, கையால் சுரண்டுவதற்கே திரும்பினால் பிடியின் அழுத்தம் கூடுமேயன்றிக் குறையாது. வைட்டமின் பி6 மாத்திரையின் பலன் நிரூபணமாகவில்லை. மணிக்கட்டுப் பட்டை முக்கியமாக இரவு உறக்கத்துக்கு உரியது. அறுவை சிகிச்சையோடு தொழில் முடிந்துவிடும் என்பதும் பொய்; பெரும்பாலோர் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

பல் மருத்துவக் கல்லூரிகளின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்கேலர் வாங்கும்போதே சாணைக்கல்லையும் வாங்குங்கள், தீட்டக் கற்றுக்கொள்ளாத மாணவனுக்குத் தேர்ச்சி அளிக்காதீர்கள்.