டாரட் சீட்டு எகிப்திலிருந்து வந்ததா?

நம்பிக்கை: பண்டைய எகிப்தியப் பூசாரிகள் தங்கள் ரகசிய ஞானத்தை ஒளித்துவைத்த படங்களே டாரட் சீட்டுகள்.

உண்மை: இவை 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த விளையாட்டுச் சீட்டுகள். இவற்றை வரைந்த ஓவியருக்குக் கூலி கொடுத்த பதிவு, ஃபெராரா அரண்மனையின் 1442ஆம் ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. போப், மரணம், சூரியன் என்று இன்று மர்மம் ஏற்றிப் பேசப்படும் படங்கள் துருப்புச் சீட்டுகள். மற்றவற்றை வெட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டவை.

எகிப்துக் கதையைக் கிளப்பியவர் அந்த்வான் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர். டாரட் என்பது தோத் என்ற எகிப்தியக் கடவுளின் நூல் என்று 1781இல் எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை. ஷாம்போலியன் என்ற அறிஞர் அதற்கு வழி கண்டது 1822இல்தான். அதன்பின் படிக்கப்பட்ட கல்வெட்டுகளிலும் பாப்பிரஸ் சுவடிகளிலும் டாரட் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆனாலும் எகிப்துக்கு இதில் பங்கு உண்டு. அது பிரமிடு காலத்து எகிப்து அல்ல, மம்லூக் சுல்தான்களின் எகிப்து. காசு, கிண்ணம், வாள், போலோ மட்டை என்ற நான்கு இனங்கள் கொண்ட அவர்களுடைய சீட்டுக்கட்டு 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. போலோ அறியாத இத்தாலியர் மட்டையைக் கோலாக்கிக்கொண்டார்கள்; அந்தக் கட்டோடு துருப்புச் சீட்டுகள் சேர்ந்ததே டாரட். கற்பனைக் கதையைவிட இந்த உண்மைப் பயணம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம்பிக்கை: டாரட் தொடக்கம் முதலே குறி சொல்லத்தான் பயன்பட்டது.

உண்மை: அதற்கு 18ஆம் நூற்றாண்டுக்கு முன் தெளிவான சான்று இல்லை. பாரிஸில் எத்தேலா என்பவர் 1785 வாக்கில் நூல் எழுதி அந்த வழக்கத்தைப் பரப்பினார். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் இதைச் சீட்டாட்டமாகவே ஆடுகிறார்கள்.

நம்பிக்கை: சீட்டிலுள்ள படங்கள் காலங்காலமாக மாறாமல் வந்தவை.

உண்மை: இன்று பெரும்பாலோர் கையில் பார்க்கும் படங்கள் 1909இல் லண்டனில் வெளியானவை. மார்செய் என்ற பழைய வகை டாரட் கட்டில் ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணம் மட்டுமே இருக்கும். 1909 கட்டில் அதே சீட்டில் துக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் மனிதரைக் கொண்டுவந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். ஆனால் அந்தக் கட்டுக்கு நிலைத்த பெயர் ‘ரைடர்-வெயிட்’: ஒருவர் பதிப்பாளர், மற்றவர் திட்டம் வகுத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட். வரைந்தவர் 1951இல் கடனோடு இறந்தார். அவர் பெயரையும் சேர்த்து ‘ரைடர்-வெயிட்-ஸ்மித்’ என்று எழுதும் வழக்கம் பிற்காலத்தில்தான் பரவியது.