முகம் வீங்கினால் சிறுநீரைப் பாருங்கள்

காலையில் கண்ணிமை வீங்கி மாலைக்குள் வடிந்துவிட்டால் எல்லோரும் முதலில் சொல்வது அலர்ஜி. என் மகனுக்கும் கண்ணுக்குச் சொட்டு மருந்துதான் கொடுத்தார்கள். பிறகு வயிறு உப்பியது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீரில் நுரை அடங்கவே இல்லை. பரிசோதனையில் ஆல்புமின் 3 பிளஸ். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்றார் குழந்தை மருத்துவர்.

சிறு பிள்ளைகளிடம் இதற்குப் பெரும்பாலும் காரணம் 'மினிமல் சேஞ்ச்' என்ற வகை. சாதாரண நுண்ணோக்கியில் சிறுநீரகத்தில் ஒரு குறையும் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் வடிகட்டும் செல்களின் சிதைவு தெரியும். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் அந்த வழியாகக் கசிகிறது, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கேட்கும் என்பதால் பயாப்ஸி இல்லாமலே மாத்திரை தொடங்குவார்கள். "சதை எடுத்துப் பார்க்காமலேயா?" என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். நான் மருத்துவர் பக்கம்.

எங்களுக்கு 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மாத்திரையாலும் முகம் உப்பும். ஆனால் அது மாலையில் வடியாது. நோயா மருந்தா என்ற குழப்பத்தைத் தீர்ப்பது காலைச் சிறுநீர்தான். சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்டிரிப்பின் விலை கட்டுப்படியாகாதபோது ஒரு நர்ஸ் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் வாங்கச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் சிறுநீர் எடுத்துச் சில சொட்டு விடுவேன். தெளிவாக இருந்தால் நிம்மதி. பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து மங்கினால் கசிவு தொடங்கியிருக்கிறது. தயிராகத் திரிந்தால் நிறையப் போகிறது. சளி பிடித்தால் நோய் திரும்புவது சகஜம். அந்த நாட்களில் தவறாமல் பார்த்து டைரியில் எழுதுவேன். தொடர்ந்து 3 நாள் இப்படி நிறையப் போனால், அதாவது 3 பிளஸ் என்றால், மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சிமுள் கஷாயம் என்று யோசனைகள் வரிசைகட்டும். அவற்றை விட்டுவிட்டுச் சாப்பாட்டைக் கவனியுங்கள். வீக்கம் இருக்கும்போது அப்பளம், ஊறுகாய், கருவாட்டை நிறுத்துங்கள். பருப்பும் முட்டையும் வழக்கம்போல் கொடுக்கலாம். எந்தத் தடுப்பூசிக்கு முன்பும் ஸ்டீராய்டு ஓடுவதைச் சொல்லுங்கள். வீக்கம் வடிந்ததே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீக்கத்தோடு காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்தால் அது வயிற்றுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.