'லே'யும் 'லோ'வும்

கேள்வி: ஸ்பானிய மொழி கற்கிறேன். லோ, லா, லே மூன்றும் எங்கே வரும் என்று குழப்பமாகவே இருக்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. தமிழ் தெரிந்தவருக்கு இது இயல்பாகவே பிடிபடும். 'அவனை', 'அதை' என்று 'ஐ' வந்தால் லோ. அவளையோ பெண்பால் பொருளையோ குறித்தால் லா. 'அவனுக்கு', 'அவளுக்கு' என்று 'கு' வந்தால், இரு பாலுக்கும் லே. 'மே குஸ்தா' என்பது நம் 'எனக்குப் பிடிக்கும்' போலவே அமைந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது! ஆனால் 'அவளிடம் சொன்னேன்' என்பதற்கும் லேதான். அங்கே கவனம் தேவை.

இரண்டும் சேர்ந்து வந்தால் 'கு' முன்னால், 'ஐ' பின்னால்: 'மே லோ தாஸ்', எனக்கு அதைத் தருகிறாய். நம் வரிசையேதான்.

பலர் தடுக்கி விழும் இடம் 'சே லோ தோய்', அவனுக்கு அதைத் தருகிறேன். 'லே லோ' என்று சொல்லவே கூடாது. லே அங்கே சே ஆகிவிடும். இடைக்கால ஸ்பானியத்தில் இது 'ஜெலோ' என்றிருந்தது. அதுவே ஒலி மாறி 'சே லோ' ஆனது. யாருக்கு என்பது தெளிவாகாவிட்டால் 'ஆ எய்யா' (அவளுக்கு) என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏவலில் வினையோடு ஒட்டும்: 'தாமெலோ', அதை எனக்குக் கொடு. 'கொடுக்காதே' என்றால் பிரிந்து முன்னே போகும்: 'நோ மே லோ தெஸ்'.

மத்ரீதில் 'அவனைப் பார்த்தேன்' என்பதற்கு 'லே வீ' என்பார்கள். ஆண் ஒருவரைக் குறிக்கும்போது ஸ்பானிய அரச அகாதெமி இதை ஏற்கிறது. நீங்கள் 'லோ வீ' என்றே பழகுங்கள்.