டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது

பாத்ரூம் சீரமைப்பு என்று பேச்சு எடுத்தாலே கள்ளக்குறிச்சியில் திரும்பத் திரும்பக் காதில் விழுவது ஒன்றுதான்: “டைல்ஸ் ஒட்டிட்டா தண்ணி இறங்காது.” வேலையின் வரிசை மொத்தத்தையும் கெடுப்பது இந்த நம்பிக்கை. டைல்ஸ் காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர் முதலில் டைல்ஸ் கடைக்குப் போகிறார், நிறம் பார்க்கிறார், சுமை வந்து இறங்கியதும் கொத்தனாரை ஒட்டச் சொல்கிறார். குழாயைப் பற்றிய யோசனை அப்புறம், வாட்டர் ப்ரூஃபிங் பற்றிய யோசனை ஒழுகிய பிறகு. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்குச் சாமான் ஏற்ற வேண்டிய கல்வராயன் மலை வீட்டுக்காரருக்கு, வண்டி வாடகையை நினைத்தால் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிவிட்டு, முன்னால் கிடப்பதிலிருந்து தொடங்கத்தான் தோன்றும். ஏற்றுங்கள், தவறில்லை. ஆனால் டைல்ஸ் பெட்டியைக் கடைசிவரை பிரிக்காதீர்கள்.

அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். சுவருக்கு ஒட்டும் சாதாரண செராமிக் டைல் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதைக் காப்பது மேலே இருக்கும் பளபளப்பான பூச்சு மட்டுமே. வெட்டிய விளிம்பிலும் குழாய்க்குத் துளை போட்ட இடத்திலும் அந்தப் பூச்சு கிடையாது. டைலை விடுங்கள், இணைப்புகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 4 அடிக்கு 6 அடி பாத்ரூம் தரையில் ஓரடி டைல் 24 பிடிக்கும். அவற்றுக்கு நடுவே மட்டும் 38 அடி நீளத்துக்கு இணைப்பு ஓடுகிறது. சுவரோரம் இன்னும் 20 அடி. இந்த 58 அடியையும் அடைத்து நிற்பது சிமெண்ட் கிரவுட். அதில் நுண்துளைகள் உண்டு, நனைந்து காய்ந்து நாளடைவில் மயிரிழை விரிசலும் விடும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் டைலுக்கு அடியில் உள்ள கலவையில் தேங்கி, அடுத்த அறைச் சுவரில் ஊறி ஏறி, காயும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து உதிர்ந்தால் பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. இணைப்பில் வெள்ளை சிமெண்டை மறுபடி தேய்ப்பதும் சில மாதத்துக்கான சமாதானம்தான்.

ஆகவே டைல்ஸின் இடம் வரிசையின் பின்பாதியில். முதலில் பழைய டைலையும் பூச்சையும் செங்கல் தெரியும்வரை உடைத்தெடுக்க வேண்டும். அடுத்து சுவரை வெட்டிக் குழாயும் மின்சாரப் பைப்பும் பதித்து, குழாய் முனைகளை அடைத்து, தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றி ஓர் இரவு நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகுதான் பூச்சு. தரையின் வாட்டமும் இப்போதே அமைய வேண்டும், 6 அடிக்கு முக்கால் அங்குலமாவது. டைல் ஒட்டும்போது கலவையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் பிடித்தால், உள்ளே இறங்கும் நீருக்கு வடியும் வழி இருக்காது. ஐஎஸ் 456 தரநிலை கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், கடையில் அதிகம் விற்கும் பிபிசி போன்ற கலப்பு சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. பூச்சுக்கு ஒரு வாரம்கூடத் தராமல் மறுநாளே டைல் ஒட்டும் அவசரம் யாருக்காக? பூச்சு இறுகிக் காய்ந்ததும் வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட்: மூலைகளும் குழாய் நுழையும் இடங்களும் முதலில், பிறகு தரை முழுவதும், சுவரில் ஓரடி, குளிக்கும் பக்கம் 6 அடி உயரம்வரை. அது காய்ந்தபின் தண்ணீர் போகும் வழியை அடைத்து, தரையில் நீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு 48 மணி நேரம் விட்டுவையுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அன்றைக்குச் சரிசெய்யும் செலவு ஒரு டப்பா பூச்சு. டைல் ஒட்டிய பிறகு தெரிந்தால் மொத்தத்தையும் உடைக்க வேண்டும். ஒட்டிய டைல் முழுசாக வராது, அதே டிசைன் கடையில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

தரைத்தளத்துக்கு எதற்கு இதெல்லாம் என்பார்கள். ஈரம் கீழே மட்டுமா இறங்குகிறது? பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் ஊறும், உப்புத் தண்ணீர் போர் உள்ள வீட்டில் சுவர் இன்னும் சீக்கிரம் கெடும். அந்தக் காலத்தில் யார் வாட்டர் ப்ரூஃபிங் செய்தார்கள் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. அன்று குளியலறை கொல்லைப்புறத்தில் தனியாக, காற்றும் வெயிலும் படும்படி நின்றது. குழாய் சுவருக்குள் புதைந்திருக்கவில்லை, மறுபக்கம் கட்டிலும் பீரோவும் இல்லை. குளியலறையைப் படுக்கையறையோடு ஒட்டிக் கட்டிய பிறகு பழைய பழக்கம் செல்லாது.

முதலிலேயே பெயின்ட் அடித்துவிட்டால் டைலில் சிந்தாது என்பது கட்டர் கிளப்பும் தூசியை மறந்த பேச்சு. அட்டை விரித்துவிட்டுக் கடைசியில் அடியுங்கள். கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தவறு, நிலை நிற்காமல் டைலை எந்த அளவுக்கு வெட்டுவது? எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வெண்டிலேட்டரை அடைக்கும் புதுப் பழக்கம். அழகுக்கென்று ஃபால்ஸ் சீலிங் இறக்கி, இருக்கிற ஒரே காற்றுவழியையும் மூடுகிறார்கள். குளியலறையின் ஒரு சுவராவது வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பொது விதி. வெள்ளிமலைப் பக்கம் மார்கழிக் குளிரில் வெந்நீர் ஆவி மேற்கூரையில் படிந்து சொட்டும், பூஞ்சை பிடிக்கும். எந்தப் பூச்சும் அதைத் தடுக்காது. வெண்டிலேட்டருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் எத்தனை அங்குலம் வேண்டும் என்பதை, சுவரை உடைக்கும் முதல் நாளிலேயே கொத்தனாரிடம் அளந்து காட்டிவிடுங்கள்.