வீட்டுக் கொதிகலன் குப்பைத் தொட்டியா?

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்காமல் குளிர்காலத்தைக் கழிக்க இயலாது. அங்கே பல வீடுகளின் நிலவறையில் ஒரு கொதிகலன் இருக்கும். அதில் காயும் நீர் குழாய்கள் வழியே அறைதோறும் சென்று வெப்பம் தரும். நம் வீடுகளில் குளிக்க வெந்நீர் போடும் செப்புப் பாய்லரை அதன் தங்கை எனலாம்.

நிலக்கரியும் விறகும் விலை கூடும்போது, ஏழை எளியோர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொதிகலனில் இடுகின்றனர். நிலக்கரியைக் கழுவியபின் எஞ்சும் சேறு, வர்ணம் பூசிய பழைய மரச்சாமான், பிளாஸ்டிக், டயர், கழிவு எண்ணெய் ஆகிய யாவும் எரிபொருளாகின்றன. குப்பையும் ஒழிந்தது, குளிரும் நீங்கியது என்று தோன்றும். ஆனால் உண்மை வேறு.

ஐரோப்பாவில் குப்பையை எரிக்கும் ஆலைகள் இருக்கின்றனவே என நாம் கேட்கலாம். அங்கே எரியும் வாயு குறைந்தது 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 விநாடிகளாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பின்னர் அது வடிகட்டிகளைக் கடந்தே வெளியேறும். வீட்டுக் கொதிகலனில் அத்தகைய ஏற்பாடு ஏதுமில்லை. விடியும்வரை நெருப்பு நிற்கவேண்டுமென்று காற்று வழியையும் குறைத்து விடுவர். ஆகவே பொருள்கள் அரைகுறையாகப் புகைகின்றன.

அப்புகையில் இருப்பவை யாவை? பி.வி.சி. பிளாஸ்டிக்கிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் எழுகின்றன. புற்றுநோய் விளைவிக்கும் பென்சோபைரீனும் உண்டு. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கேயான நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. டையாக்சின் மண்ணிலும் புல்லிலும் படிந்து, பசுவின் பால் வழியாகவும் மனிதரை அடைகிறது.

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரத்தைப் பார்ப்போம். அது விஸ்டுலா ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ளது. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மிகவும் குளிர்ந்துவிட, அதன்மேல் சூடான காற்று மூடிபோல் நிற்கும். புகை மேலெழ வழியின்றித் தெருவிலேயே தங்கும். இதைக் கண்டு பொறுக்காத நகர மக்கள் 2012-ல் ஓர் இயக்கம் தொடங்கினர். அதன் பயனாக, 2019 செப்டம்பர் 1 முதல் அந்நகர வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பது தடை செய்யப்பட்டது. பழைய கொதிகலனை மாற்றப் பண உதவியும், கூடுதல் செலவைத் தாங்க இயலாத ஏழைகளுக்குத் தனி உதவியும் வழங்கப்பட்டன. நகரின் காற்று முன்னைவிடத் தூய்மையாயிற்று. ஆயினும் சுற்றியுள்ள ஊர்களின் புகை இன்னும் உள்ளே வருகிறது. புகைக்கு எல்லைக்கல் ஏது?

இதனின்று நாம் கற்பது என்ன? குளிரில் நடுங்கும் குடும்பத்திடம் "எரிக்காதே" என்று சொன்னால் மட்டும் போதாது. மாற்று வழியும் காட்ட வேண்டும். எரித்த குப்பை ஒழிந்துவிடுவதில்லை. உருமாறி நம் மூச்சிலேயே திரும்பி வருகிறது. பாய்லர் பற்றவைக்கப் பிளாஸ்டிக் உறையைத் தேடும் நம் கைகளும், போகியன்று டயரைக் கொளுத்தும் நம் தெருக்களும் இதை மறவாதிருக்கட்டும். பாய்லருக்குக் காய்ந்த தேங்காய் மட்டையும் சுள்ளியும் போதும். அவற்றையும் நன்றாகக் காற்றோட்டம் விட்டு எரிப்போம். பிளாஸ்டிக்கைத் தனியே பிரித்து வைப்போம். இன்றே நம் வீட்டில் தொடங்குவோமா?